அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்வாகனச் சார்ஜர்களுக்குச் சுமைக் கட்டுப்பாடு அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் குடியிருப்பில் ஆறு மின்வாகனச் சார்ஜர்களை மாட்டி, மாலை நேரத்து ஏ.சி. சுமையோடு அவை மோதாதபடி அவற்றின் மின்னோட்டம் தானாகவே கூடிக் குறையும்படி செய்வது எப்படி என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். சைபர்-ஃபிசிகல் அமைப்பு என்று பாடநூல்கள் சொல்வதன் சிறிய, ஆனால் முழுமையான வடிவம் இது: மீட்டர் அளக்கிறது, நிரல் கணக்கிடுகிறது, சார்ஜர் வாகனத்துக்குச் சொல்கிறது, வாகனம் இழுக்கும் மின்னோட்டம் மறுபடியும் மீட்டரில் தெரிகிறது.

இந்த வேலையில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் கைப்பேசியில் வரைபடம் காட்டும் திரையில் தொடங்கி, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசை அதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். நிரலோ வலைப்பின்னலோ இல்லாதபோதும் கம்பி தாங்கும் நிலையை முதலில் உறுதி செய்துவிட்டு, அதன் மேல்தான் கட்டுப்பாட்டைக் கட்ட வேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கட்டடத்தின் ஒற்றைக் கோட்டு மின்வரைபடம், டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகை விவரம், மின்வாரியம் அனுமதித்த சுமையின் அளவு, பிரதான பிரேக்கரின் ஆம்பியர் மதிப்பு, சார்ஜர் பேனலுக்குப் போகும் கேபிளின் அளவு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். வரைபடம் இல்லாத பழைய கட்டடங்களில் எலக்ட்ரீஷியனோடு பேனலைத் திறந்து பார்த்து நீங்களே வரைந்துகொள்ளுங்கள். இது சலிப்பான வேலைதான் என்றாலும், பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

சார்ஜர்கள், மையக் கணினியோடு பேசுவதற்கான ஓ.சி.பி.பி. 1.6 நெறிமுறையை ஜேசான் என்ற எழுத்து வடிவில் பேச வேண்டும். அதில் ஸ்மார்ட் சார்ஜிங் என்ற பகுதியும் இருக்க வேண்டும். விற்பவரின் வாக்கை நம்பி வாங்காமல், சார்ஜரிடம் 'சப்போர்ட்டட் ஃபீச்சர் ப்ரொஃபைல்ஸ்' என்ற அமைவைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஸ்மார்ட் சார்ஜிங் இல்லையென்றால் அந்தச் சார்ஜரை இயக்கலாம், நிறுத்தலாம். ஆனால் மின்னோட்டத்தைக் குறைக்க முடியாது.

ஆர்.எஸ்.-485 என்ற கம்பித் தொடர்பு வாயில் உள்ள மும்முனை (மூன்று ஃபேஸ்) மீட்டர்கள் இரண்டு, அவற்றுக்கேற்ற சி.டி.கள் (கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள்), எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய கணினி ஒன்று, அதற்கு யு.பி.எஸ்., கம்பியை வெட்டாமல் கவ்விப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று ஆகியவையும் தேவை. கிளாம்ப் மீட்டரைக் கடைசியில் சொன்னதால் அது சிறிய பொருள் என்று எண்ண வேண்டாம். நிரல் சொல்வதைச் சரிபார்க்க நிரலுக்கு வெளியே நிற்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஒவ்வொரு சார்ஜருக்கும் தனியே 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும், 6 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட நேர்மின் (டி.சி.) கசிவைச் சார்ஜரே கண்டறிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டறியாத சார்ஜருக்கு, நேர்மின் கசிவையும் உணரும் பி வகைக் கசிவுப் பாதுகாப்பு தேவைப்படும். வாகனத்திலிருந்து வரும் நேர்மின் கசிவு சாதாரணக் கசிவுப் பாதுகாப்பை உணர்விழக்கச் செய்துவிடும் என்பதே காரணம்.

பேனலுக்குள் செய்யும் எல்லா வேலையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. சுமை ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்கக் கம்பியை ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அந்த முனைகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் எழும்.

2. எல்லையைத் தாளில் முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டைக் கொள்வோம். 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, பிரதான பிரேக்கர் 125 ஆம்பியர். 100 கே.வி.ஏ.வை 433 வோல்ட்டாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் ஃபேஸ் ஒன்றுக்கு 133 ஆம்பியர் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், கேபிள், அனுமதித்த சுமை ஆகிய நான்கில் மிகச் சிறியது எதுவோ அதிலிருந்துதான் எல்லை புறப்பட வேண்டும். கேபிளும் அனுமதித்த சுமையும் பிரேக்கரைவிடச் சிறியவை அல்ல என்று கொண்டால், இங்கே அது 125. அதிலும் ஒரு விளிம்பு விட்டு 110 ஆம்பியரை நமது எல்லையாக வைத்துக்கொள்வோம்.

அந்த விளிம்பு எதற்கு என்று கேட்பவர்கள் மே மாதத்தில் மூடிய பேனல் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வெப்பத்தால் இயங்கும் பிரேக்கர்களின் மதிப்பு பொதுவாக 40 டிகிரி செல்சியஸுக்குக் கணிக்கப்பட்டது. பேனலுக்குள் அதைவிடச் சூடு ஏறும்போது பிரேக்கர் எழுதியிருப்பதற்கு முன்னதாகவே விழும்.

மாலை உச்சத்தில் கட்டடத்தின் சுமை ஆர் ஃபேஸில் 80, ஒய் ஃபேஸில் 60, பி ஃபேஸில் 95 ஆம்பியர் என்று கொள்வோம். இந்த மூன்று எண்களையும் கோடையில் ஒரு வாரமாவது பதிவு செய்த அளவீட்டிலிருந்து எடுங்கள். மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட்டை வைத்து ஊகிக்காதீர்கள். யூனிட் என்பது இரண்டு மாதத்தின் கூட்டுத்தொகை; நமக்கு வேண்டியது ஒரு மாலையின் உச்சம்.

ஆறும் 7.4 கிலோவாட் ஒருமுனைச் சார்ஜர்கள். ஒவ்வொன்றும் 32 ஆம்பியர் இழுக்கும். ஃபேஸுக்கு இரண்டாகப் பிரித்தாலும் பி ஃபேஸில் 95-உம் 64-உம் சேர்ந்து 159 ஆம்பியர் ஆகிறது. இது பிரேக்கரின் மதிப்பைப் போல் 1.27 மடங்கு. 'தாங்காவிட்டால் பிரேக்கர் விழுந்துவிடும், பிறகென்ன' என்று பலர் சொல்வதுண்டு. ஐ.இ.சி. 60947-2 என்ற சர்வதேசப் பிரேக்கர் தரப்படி இந்த அளவுள்ள பிரேக்கர் 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.30 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இடைப்பட்ட 1.27-இல் அது எப்போது விழும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. பிரேக்கர் விழாமல் நிற்கும் அந்த நேரமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் தன் மதிப்பைத் தாண்டிச் சூடேறிக்கொண்டிருக்கும். ஆகவே பிரேக்கரை நம்பிக் கட்டுப்பாட்டைத் தவிர்க்க முடியாது. கட்டுப்பாட்டை நம்பிப் பிரேக்கரைப் பெரிதாக்கவும் கூடாது.

3. ஃபேஸ் பங்கீடு

சார்ஜர்களைச் சுவரில் மாட்டும் வரிசையிலேயே ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லுங்கள். மும்முனைச் சார்ஜர்களாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒருமுனையில் மட்டும் சார்ஜ் ஆகும் வாகனம் சார்ஜரின் முதல் முனையையே பயன்படுத்தும் என்பதால், எல்லாச் சார்ஜரிலும் முதல் முனை ஆர் ஆகவே இருந்தால் ஆறு வாகனங்களும் ஒரே ஃபேஸில் ஏறி உட்கார்ந்துவிடும்.

எந்தச் சார்ஜர் எந்த ஃபேஸில் என்பதை எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சார்ஜரிலேயே 'கனெக்டர் ஃபேஸ் ரொடேஷன்' என்ற அமைவு இருக்கிறது. அதிலும் இதையே பதியுங்கள். எழுதியது சரிதானா என்பதை ஒவ்வொரு சார்ஜரிலும் ஒரு வாகனத்தைச் செருகி, கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் தொட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் பட்டியலில் ஒரு வரி பிசகினாலும், நிரல் ஆர் ஃபேஸைக் காப்பாற்றுவதாக எண்ணி ஒய் ஃபேஸின் வாகனத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

4. அளவீடு

முதல் மீட்டரைக் கட்டடத்தின் பிரதான நுழைவிலும், இரண்டாவதைச் சார்ஜர் பேனலுக்குப் போகும் கிளையிலும் வையுங்கள். ஒரே மீட்டரால் சமாளிக்க முயல்வோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிரதான மீட்டர் காட்டுவது கட்டடமும் வாகனங்களும் சேர்ந்த மொத்தம். அதில் வாகனங்களின் பங்கைக் கழித்தால்தான் மீதம் எவ்வளவு என்று தெரியும். அந்தப் பங்கைச் சார்ஜர்கள் அனுப்பும் அளவுகளிலிருந்து எடுத்தால் அவை 10, 15 நொடி பழையவையாக இருக்கும். மொத்தமோ இந்த நொடியுடையது. இரு வேறு நேரத்து எண்களைக் கழிக்கும்போது இல்லாத மீதம் தோன்றி மறையும். நிரல் அதன் பின்னால் ஓடும். இரண்டு மீட்டர்களையும் ஒரே நொடியில் படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாகனத்துக்கு 32 ஆம்பியர் ஒதுக்கியிருக்கிறோம் என்பதற்காக அது 32 இழுக்கிறது என்று கணக்கிடக் கூடாது. உள்ளே 3.3 கிலோவாட் சார்ஜர் மட்டும் கொண்ட வாகனம் 16 ஆம்பியருக்குள்ளேயே நின்றுவிடும். பேட்டரி நிறையும் கட்டத்தில் எந்த வாகனமும் குறைத்துக்கொள்ளும். கழிக்க வேண்டியது அளந்த மின்னோட்டத்தையே.

ஆர்.எஸ்.-485 கம்பியை மீட்டர் மீட்டராகத் தொடுத்துச் செல்லுங்கள். ஒரே இடத்திலிருந்து நட்சத்திரம் போலப் பிரிக்காதீர்கள். இரு கடைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்கட்டும். மீட்டர் பேசும் மாட்பஸ் நெறிமுறையில் ஒவ்வொரு அளவும் ரிஜிஸ்டர் என்ற எண்ணிட்ட இடத்தில் இருக்கும். அந்த எண்ணை மீட்டர்க் கையேடு 1-லிருந்து எண்ணத் தொடங்கும், நிரல் நூலகம் பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே ஒரு எண் தள்ளிப் படிப்பது மிகச் சாதாரணமான பிழை. 32 பிட் தசம எண்களில் இரண்டு ரிஜிஸ்டர்களின் வரிசை மாறினால் அர்த்தமில்லாத பெரிய எண் வரும். பெரிய எண் வந்தால் நல்லது, உடனே கண்ணில் படும். பக்கத்து ஃபேஸின் எண் வந்தால்தான் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஃபேஸிலும் தெரிந்த சுமை ஒன்றை, ஒரு வாட்டர் ஹீட்டர் போதும், போட்டும் நிறுத்தியும் திரையில் அந்த ஃபேஸ் மட்டும் அசைகிறதா என்று பாருங்கள். சி.டி. விகிதத்தையும் அப்போதே கிளாம்ப் மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் படியின் மிக ஆபத்தான பிழை வேறொன்று. மீட்டர் பதில் சொல்லாதபோது பல நிரல்கள் பூச்சியத்தையோ பழைய எண்ணையோ வைத்துக்கொள்கின்றன. கட்டடச் சுமை பூச்சியம் என்று கண்ட நிரல், 110 ஆம்பியரும் காலியாக இருப்பதாக எண்ணி எல்லா வாகனத்துக்கும் முழு மின்னோட்டத்தைத் திறந்துவிடும். ஒவ்வொரு அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரத்தைச் சேர்த்துச் சேமியுங்கள். 10 நொடிக்கு மேல் பழைய அளவை 'அளவே இல்லை' என்று கொண்டு, ஆறாம் படியில் சொல்லப்போகும் பாதுகாப்பு மதிப்புக்கு இறங்குங்கள்.

5. வாகனத்துக்குச் செய்தி போகும் வழி

ஏ.சி. சார்ஜர் வாகனத்துக்கு மின்னோட்டத்தைத் தள்ளுவதில்லை. இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கிறது, எடுப்பது வாகனம். அந்த அறிவிப்பு, சார்ஜிங் கேபிளுக்குள் பைலட் என்ற செய்திக் கம்பியில் ஓடும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. அலையின் மேல்பகுதி ஒரு சுற்றில் எத்தனை சதவீதம் நீடிக்கிறதோ, 10 முதல் 85 சதவீதம் வரை, அதை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர் கிடைக்கும். 10 சதவீதம் 6 ஆம்பியர், 26.7 சதவீதம் 16 ஆம்பியர், 53.3 சதவீதம் 32 ஆம்பியர். 5 சதவீதம் என்பது ஆம்பியர் அளவே அல்ல, இனி டிஜிட்டல் முறையில் பேசலாம் என்ற அழைப்பு, ஐ.எஸ்.ஓ. 15118 என்ற டிஜிட்டல் நெறிமுறை அதன் பிறகுதான் வரும். நமது வேலைக்கு அது தேவையில்லை.

இதிலிருந்து மூன்று விளைவுகள். 6 ஆம்பியருக்குக் கீழே அறிவிக்க வழியே இல்லை. நிரல் 4 ஆம்பியர் என்று கட்டளையிட்டால் சில சார்ஜர்கள் நிறுத்திவிடும், சில 6 ஆக ஏற்றிவிடும், ஆகவே 1 முதல் 5 வரையிலான எண்ணை ஒருபோதும் அனுப்பாதீர்கள். இரண்டாவதாக, அறிவிப்பு மாறிய பின் வாகனம் தன்னைத் திருத்திக்கொள்ள 5 நொடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.இ.சி. 61851-1 என்ற சார்ஜர் தரம் இடம் தருகிறது. மூன்றாவதாக, பூச்சியத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் நிறுத்திய சில வாகனங்கள் உறங்கிப்போய், மீண்டும் அழைத்தாலும் எழுவதில்லை. முடிந்தவரை 6 ஆம்பியரிலாவது வைத்திருப்பது நல்லது.

வாகனம் இல்லாமலே இந்தப் பகுதியைச் சோதிக்க, டயோடோடு 2.74 கிலோ ஓம் மின்தடையும் தேவைப்படும்போது அதற்கு இணையாக 1.3 கிலோ ஓம் மின்தடையும் சேரும் சோதனைச் செருகி கடைகளில் கிடைக்கிறது. முதலாவது 'வாகனம் செருகப்பட்டது' என்ற 9 வோல்ட் நிலையையும், இரண்டும் சேர்ந்தால் 'மின்சாரம் வேண்டும்' என்ற 6 வோல்ட் நிலையையும் சார்ஜருக்குக் காட்டும். பக்கத்தில் ஒரு ஆசிலோஸ்கோப் இருந்தால், கட்டளைக்கேற்ப அலையின் அகலம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

6. தொடர்பு அறுந்தால் என்ன என்பதை முதலில் அமையுங்கள்

பங்கீட்டு விதியை எழுதத் தொடங்குமுன் இந்தப் படியை முடித்துவிடுங்கள். ஓ.சி.பி.பி. 1.6 விவரக்குறிப்பில் தெளிவாகவே இருக்கிறது: எந்தச் சார்ஜிங் ப்ரொஃபைலும் (எந்த நேரத்தில் எவ்வளவு ஆம்பியர் வரை என்ற அட்டவணை) இல்லாத நிலையில் சார்ஜர் இணைப்பை இழந்தால், கட்டுப்பாடே இல்லாததுபோல் முழு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். ஒரு வாகனத்துக்கான ப்ரொஃபைலைப் பெற்ற பிறகு இணைப்பு போனால், அந்த அமர்வு (அந்த வாகனத்தின் ஒருமுறைச் சார்ஜிங்) முடியும்வரை அதையே பின்பற்றும். நள்ளிரவில் 32 ஆம்பியர் தந்துவிட்டு இணைப்பு போனால், மறுநாள் மாலைவரையும் செருகியே இருக்கும் வாகனம் அந்த 32-ஐ உரிமையாகவே கொள்ளும் என்பது இதன் பொருள்.

மூன்று அடுக்காக இதற்கு வேலி போட வேண்டும்.

முதல் அடுக்கு சார்ஜருக்குள்ளே, சுழல் சுவிட்சாலோ நிறுவுபவரின் அமைவாலோ வைக்கும் உச்ச மின்னோட்டம். கேபிளுக்கும் அதன் பிரேக்கருக்கும் ஏற்ப இதை வையுங்கள். வலைப்பின்னலிலிருந்து யாராலும் மாற்ற முடியாத எண் இது ஒன்றுதான்.

இரண்டாம் அடுக்கு, 'டி.எக்ஸ். டிஃபால்ட் ப்ரொஃபைல்'. ஒவ்வொரு சார்ஜரிலும் இதை முடிவுக் காலம் இல்லாமல் 6 ஆம்பியராகப் பதியுங்கள். கணினியே இல்லாத நேரத்தில் புதிதாகச் செருகப்படும் வாகனம் இதற்குக் கட்டுப்படும். 6 என்ற எண் நம் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்: பி ஃபேஸில் 95-உம் இரண்டு வாகனங்களுக்கான 12-உம் சேர்ந்து 107, 110-க்குள் நிற்கிறது. அளவு எதுவும் தெரியாதபோதும், மாலை உச்சத்திலும்கூட, பாதுகாப்பான மதிப்பாக இருக்க வேண்டும் என்பதே இதன் இலக்கணம். உங்கள் கட்டடத்தில் அது அடங்காவிட்டால் சில சார்ஜர்களுக்குப் பாதுகாப்பு மதிப்பைப் பூச்சியமாக வையுங்கள்.

மூன்றாம் அடுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுக்கான 'டி.எக்ஸ். ப்ரொஃபைல்'. இதை ஒற்றை எண்ணாக அனுப்பாமல் இரண்டு காலப்பகுதிகளாக அனுப்புங்கள்: தொடக்கத்திலிருந்து 120 நொடி வரை கணக்கிட்ட மதிப்பு, அதற்குப் பின் 6 ஆம்பியர். கணினி ஒவ்வொரு 60 நொடிக்கும் இதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கணினி நின்றால், ரவுட்டர் செத்தால், கேபிளை யாரேனும் பிடுங்கினால், இரண்டு நிமிடத்தில் சார்ஜர் தானே 6-க்கு இறங்கிவிடும். யாரும் எதையும் சொல்லாமலிருப்பதே இறங்குவதற்கான கட்டளையாகிறது. இந்த அமைப்பில் நான் எதையாவது வலியுறுத்துவேன் என்றால் அது இதுதான்.

இதை எழுதும்போது நேரம் தொடர்பாக இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ப்ரொஃபைலின் வகையை 'ரிலேட்டிவ்' என்று வைத்தால் நேரம் அமர்வின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். இரண்டு நிமிடம் கடந்த எந்த வாகனமும் எப்போதும் 6 ஆம்பியரிலேயே நிற்கும். 'அப்சொல்யூட்' என்று வைத்து, தொடக்க நேரத்தை வெளிப்படையாகக் கொடுங்கள். அந்த நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே எழுதி, அது யு.டி.சி. என்ற குறியையும் சேர்த்துவிட்டால், அட்டவணை ஐந்தரை மணி நேரம் கழித்துத் தொடங்குவதாகச் சார்ஜர் எண்ணிக்கொள்ளும். சார்ஜரின் கடிகாரம், அது அவ்வப்போது அனுப்பும் ஹார்ட்பீட் என்ற செய்திக்குக் கணினி தரும் பதிலிலிருந்து சரிசெய்யப்படுவதால், கணினியின் கடிகாரம் பிசகினாலும் இதே கதைதான்.

டி.எக்ஸ். ப்ரொஃபைலுக்கு அமர்வின் எண் தேவை. நிரல் நினைவில் மட்டும் அதை வைத்திருந்தால், நிரலை மறுதொடக்கம் செய்தவுடன் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களோடு பேச முடியாமல் போகும். வட்டில் எழுதி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும், காலம் முடிந்த ப்ரொஃபைலைக் கையாள்வதில் எல்லாச் சார்ஜர்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒன்பதாம் படியின் சோதனை முடியும்வரை எதையும் நம்ப வேண்டாம்.

7. பங்கீட்டு விதியும் அதன் வேகமும்

ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். மொத்தத்திலிருந்து வாகனங்களின் மின்னோட்டத்தைக் கழித்தால் கட்டடச் சுமை. 110-லிருந்து அதைக் கழித்தால் பங்கிடக்கூடியது. முதலில் செருகியவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் 6 ஆம்பியர் தந்து, மிஞ்சியதைச் சமமாகப் பிரித்து, எப்போதும் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். பி ஃபேஸில் 15 மிஞ்சினால் இருவருக்கும் ஏழேழு. 10 மட்டுமே மிஞ்சினால் ஐந்தைந்தாகப் பிரிக்க வழியில்லை. ஒருவருக்கு 10, மற்றவருக்குப் பூச்சியம், அரை மணிக்கு ஒருமுறை மாற்றம். அப்படிப்பட்ட அரிதான நாளில் கட்டடச் சுமை 100 ஆக இருக்கும். அப்போது தொடர்பும் அறுந்தால் மொத்தம் 112. நாம் விட்டுவைத்த விளிம்பு இதற்காகத்தான்.

பங்கை முழுதாக இழுக்காத வாகனத்துக்கு, அது இழுப்பதைவிட 2 ஆம்பியர் கூடுதலாக மட்டும் வைத்து மீதியை மற்றவருக்குத் தரலாம். ஆனால் இதை முதல் மாதத்திலேயே சேர்க்காதீர்கள். எளிய விதி ஓடுவதைப் பார்த்த பிறகு சேர்த்தால்தான், தவறு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியும்.

வேகம் பற்றிப் பலருக்கும் தவறான ஆசை உண்டு: நொடிக்கொரு முறை கட்டளை அனுப்பினால் துல்லியம் கூடும் என்பது. மீட்டர் படிக்க ஒரு நொடி, வலைப்பின்னலும் சார்ஜரும் ஓரிரு நொடி, வாகனம் ஐந்து நொடி வரை. முந்தைய கட்டளையின் விளைவு மீட்டரில் தெரிவதற்குள் அடுத்த கட்டளை போனால், குளியலறையில் வெந்நீர்க் குழாயைப் பொறுமையின்றித் திருப்புபவரைப் போல அமைப்பு ஒருமுறை மிகையாகக் குறைத்து, மறுமுறை மிகையாகக் கூட்டிக்கொண்டே இருக்கும். 15 நொடிக்கு ஒருமுறை முடிவெடுங்கள். குறைப்பதென்றால் உடனே, முழுதாகக் குறையுங்கள். கூட்டுவதென்றால் மீதம் ஒரு நிமிடமாவது நீடித்த பிறகு, 2 ஆம்பியர் வீதம் கூட்டுங்கள். 2 ஆம்பியருக்குக் குறைவான மாற்றத்தை அனுப்பவே வேண்டாம்; லிஃப்ட் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆறு வாகனங்கள் அசைய வேண்டியதில்லை. 15 நொடி மிகை பிரேக்கரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ ஒன்றும் செய்யாது என்பதை இரண்டாம் படியில் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கே காட்டுகிறது.

மின்வெட்டு நீங்கி மின்சாரம் திரும்பும்போது எல்லா ஏ.சி.களும் எல்லா வாகனங்களும் ஒரே கணத்தில் விழிக்கும். ஒவ்வொரு சார்ஜரும் சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு தாமதத்தில் தொடங்கும்படி வையுங்கள். பிரிட்டனின் 2021-ஆம் ஆண்டுச் சார்ஜர் விதிமுறைகள் 600 நொடி வரையிலான தற்செயல் தாமதத்தை இயல்பாக வைக்கச் சொல்வது இதே காரணத்துக்காக. தெரு முழுவதும் ஒரே நொடியில் எழுந்தால் மின்கட்டமைப்பு தடுமாறும்.

8. வலைப்பின்னல்

மாட்பஸ் நெறிமுறையில் கடவுச்சொல் என்ற கருத்தே இல்லை. கம்பியைத் தொட முடிந்தவர் எழுதவும் முடியும். மீட்டர்களையும் சார்ஜர்களையும் குடியிருப்பின் வைஃபையிலிருந்து பிரித்துத் தனி வலைப்பின்னலில் வையுங்கள். மாட்பஸ் பயன்படுத்தும் போர்ட் 502-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. சார்ஜர் இணைப்புக்கு மறையாக்கம் செய்த வெப்சாக்கெட்டும், சார்ஜருக்கொரு கடவுச்சொல்லும் குறைந்தபட்சத் தேவை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஊடுருவியவர்கள் மின்நிலையப் பிரேக்கர்களை இயக்குநரின் திரை வழியாகவே திறந்து சுமார் 2,25,000 நுகர்வோரை இருளில் தள்ளினார்கள். அவர்கள் பயன்படுத்தியது இயல்பான கட்டளைகளைத்தான். கட்டளை சரியான வடிவில் வந்தது என்பது அது சரியான ஆளிடமிருந்து வந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

சார்ஜர் ஒரே நேரத்தில் ஒரு மையக் கணினியோடுதான் பேசும். கட்டண வசூலுக்கு உற்பத்தியாளரின் கிளவுட் வேண்டும் என்றால், நமது கணினி இடையில் நின்று செய்திகளைக் கடத்திவிட வேண்டும், அல்லது சார்ஜரை மாட்பஸ் வழியே கட்டுப்படுத்த வேண்டும். சார்ஜர்களை வாங்குமுன் இதைத் தீர்மானியுங்கள். கட்டுப்பாட்டையே கிளவுட்டில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடித்தளத்தில் உள்ள பிரேக்கரைக் காக்கும் பொறுப்பு மாடியில் உள்ள இணைய இணைப்பைச் சார்ந்திருக்கக் கூடாது.

9. சோதனை

மேசையில் சோதனைச் செருகியோடு ஒரு சார்ஜர், பிறகு ஒரு வாகனம், பிறகு ஒரே ஃபேஸில் இரண்டு வாகனங்கள், அதன் பிறகே ஆறும். ஒவ்வொரு கட்டளைக்கும் சார்ஜர் 'அக்செப்டட்' என்று பதில் தரும். அந்தப் பதில், செய்தி படிக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. மின்னோட்டம் குறைந்ததைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகே அந்தக் கட்டளை வேலை செய்ததாக எழுதுங்கள்.

இயல்பான ஓட்டம் சரியானதும், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சார்ஜரின் லேன் கேபிளைப் பிடுங்கினால் இரண்டு நிமிடத்தில் 6-க்கு இறங்க வேண்டும். பிடுங்கிய நிலையிலேயே புதிய வாகனத்தைச் செருகினால் அதுவும் 6-இல் தொடங்க வேண்டும். மீட்டரின் ஆர்.எஸ்.-485 கம்பியைக் கழற்றினால் 10 நொடி கழித்து நிரல் தானே எல்லோரையும் இறக்க வேண்டும். நிரலை நடுவில் கொன்று மீண்டும் தொடங்கினால், ஓடும் அமர்வுகளை அடையாளம் கண்டு தொடர வேண்டும். கணினியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். பிரதான மின்சாரத்தை நிறுத்தி மீட்டுப் பார்ப்பதைக் குடியிருப்போருக்கு அறிவித்துவிட்டுப் பகல் வேளையில் செய்யுங்கள்.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது மீட்டர் உறைந்துபோகும் நிலை: பதில் வருகிறது, நேரமும் புதியது, எண் மட்டும் மாறுவதே இல்லை. உயிருள்ள கட்டடத்தில் மூன்று ஃபேஸும் பல நிமிடங்கள் தசமம் வரை ஒரே எண்ணாக நிற்காது. அப்படி நின்றால் அந்த அளவை நம்பாதே என்ற விதியை நிரலில் சேர்த்து, மீட்டருக்குப் பதில் ஒரே எண்ணைத் திருப்பிச் சொல்லும் சிறு நிரலால் அதைச் சோதியுங்கள்.

10. ஒப்படைக்கும்போது

ஃபேஸ் பட்டியல், 110 என்ற எல்லை, 6 என்ற பாதுகாப்பு மதிப்பு, கணினியை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற ஒரு வரி ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டுங்கள். இரவில் வந்து பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு உங்கள் திரையின் கடவுச்சொல் தெரியாது.

மாதம் ஒருமுறை ஒரு சார்ஜரின் லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதைப் பராமரிப்பாளரின் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சார்ஜரின் ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் நிரல்) புதுப்பிக்கப்பட்டால் ஒன்பதாம் படியின் கெடுத்துப் பார்க்கும் சோதனைகளை எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். புதுப்பிப்பு டிஃபால்ட் ப்ரொஃபைலை அழித்துவிடக்கூடும்.

ஏழாவது சார்ஜர் வரும்போது அது எந்த ஃபேஸ் என்பதையும், அந்த ஃபேஸில் மூன்று வாகனங்களுக்கான 18 ஆம்பியரை மாலை உச்சத்தோடு கூட்டினால் எல்லைக்குள் நிற்கிறதா என்பதையும் முதலில் தாளில் பாருங்கள். நமது எடுத்துக்காட்டில் அது பி ஃபேஸுக்குப் போனால் 113 ஆகிறது. ஆர் ஃபேஸில் 98, ஒய் ஃபேஸில் 78 மட்டுமே. ஆகவே சுமை மிகக் குறைந்த ஒய் ஃபேஸுக்குப் போவதே நல்லது.